டோக்கியோ மீன் மார்க்கெட் ரீல்ஸ் பார்த்து ஏக்கமா? புதுச்சேரி, கடலூர் பக்கம் வண்டியைத் திருப்புங்க!

இன்ஸ்டாவைத் திறந்தாலே யாராவது ஒருத்தர் ஜப்பானில் இருக்கிறார். டோக்கியோவின் சுகிஜி மார்க்கெட்டில் குச்சியில் குத்திய முட்டை ஆம்லெட்டைக் கடிக்கிறார். பக்கத்துக் கடையில் சூட்டுக் கருவியால் லேசாகக் கருக்கிய கணவாய். அடுத்த கடையில் சோற்றின் மேல் ஏழெட்டு வகைப் பச்சை மீனை அடுக்கிய கிண்ணம். 'அந்த ஊர்ல மார்க்கெட்டுக்குள்ளேயே சாப்பாடு, நம்ம ஊர் மார்க்கெட்ல மூக்கைப் பொத்திட்டு ஓடணும்' என்று கமென்ட்டில் ஒரு தமிழ்ப் பெயர் புலம்பியிருக்கும்.

புலம்பல் பாதி நியாயம்தான். அங்கே சந்தையும் சாப்பாட்டுக் கடையும் ஒரே இடத்தில் வளர்ந்தவை. சுகிஜியில் மீன் சந்தை 1935-ல் திறக்கப்பட்டது. விடியற்காலை ஏலம் முடித்துப் பசியோடு வரும் தொழிலாளிகளுக்காகத்தான் அதைச் சுற்றிச் சின்னச் சின்னக் கடைகள் முளைத்தன. 2018 அக்டோபரில் மொத்த வியாபாரம் டொயோசு என்ற புது இடத்துக்கு மாறிவிட்டது. ஆனால், சுகிஜியின் வெளிப்புறக் கடைத்தெரு மட்டும் நகரவில்லை. ரீல்ஸில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் அதைத்தான். ஏலத்தைப் பார்க்க வேண்டுமென்றால் டொயோசுவுக்குப் போய், மேல்தளத்தில் கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்க்க வேண்டும்.

எனக்குப் பிடித்த ஜப்பானிய மார்க்கெட் சாப்பாடு வேறு. ஹொக்கைடோ தீவில் குஷிரோ என்ற ஊரில் வாஷோ மார்க்கெட் இருக்கிறது. அங்கே முதலில் ஒரு கிண்ணம் வெறும் சோறு வாங்குவீர்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு கடை கடையாகப் போய், 'இதில் ஒரு துண்டு, அதில் ரெண்டு' என்று நீங்களே தேர்ந்தெடுத்து மேலே வைத்துக்கொள்ள வேண்டும். 'கத்தே-டொன்' என்று பேர். 'உங்க இஷ்டக் கிண்ணம்' என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதாவது, அன்றைக்குக் கடலில் என்ன வந்ததோ அதைப் பார்த்து, உங்கள் கண்ணால் தேர்ந்தெடுத்து, அங்கேயே சாப்பிடுவது. விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துக்காரர்கள் இதே அனுபவத்துக்கு விமானம் ஏற வேண்டியதில்லை. டூவீலரில் பெட்ரோல் போட்டால் போதும்.

மகேந்திரவர்மன் வழியில் ஒரு சின்ன திருப்பம்

விழுப்புரம் - செஞ்சி சாலையில் மண்டகப்பட்டு. பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் 7-ம் நூற்றாண்டில் பாறையைக் குடைந்து எழுப்பிய குகைக்கோயில் இருக்கும் ஊர். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் எழுப்பியதாக அங்கே கல்வெட்டிலேயே பெருமையோடு சொல்லி வைத்திருக்கிறான் மனுஷன். எண்ணெய், மசாலா, அடுப்பு எதுவும் இல்லாமல் ஒரு சாப்பாட்டை உருவாக்குகிற ஜப்பான் சமையல்காரர்கள் அதைப் படித்தால் கை கொடுப்பார்கள்.

அங்கிருந்து விழுப்புரம் வந்து புதுச்சேரியைத் தொட்டால் மொத்தம் சுமார் 60 கிலோமீட்டர். கடலூர் என்றால் கொஞ்சம் கூட. திண்டிவனத்துக்காரர்களுக்கு மரக்காணம் இன்னும் பக்கம், 35 கிலோமீட்டர் அளவில்தான். ரயில் பிரியர்கள் விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கோ கடலூருக்கோ ரயிலிலேயே போகலாம். கடலூர் முதுநகரில் இறங்குகிற ஸ்டேஷனுக்குப் பேரே 'கடலூர் துறைமுகம்'தான்.

மூன்றும் மூன்று ரகம். கடலூர் முதுநகர் துறைமுகத்தில் விசைப்படகுகள் நிற்கும், மீன் மலையாகக் குவியும், சத்தமும் அதிகம். புதுச்சேரியில் தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் மீன் இறங்கும். ஊருக்குள் நேரு வீதியில் இருக்கிற பெரிய மார்க்கெட்டில், மீனவக் கிராமங்களிலிருந்து வரும் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து விற்பார்கள். முதல்முறை போகிறவர்களுக்கு இதுதான் சுலபம். மரக்காணம் பக்கத்துக் குப்பங்களில் ஃபைபர் படகுகள் நேராக மணலில் வந்து ஏறும். அங்கே ரகம் குறைவு. ஆனால், ராத்திரி போய்க் காலையில் திரும்பிய படகின் மீன் என்பதால் புதுசுக்கு அதை அடிச்சுக்க ஆள் இல்லை.

எங்கே போனாலும் விடிவதற்குள் போய்விடுங்கள். பத்து மணிக்கு எழுந்து பல் தேய்த்துவிட்டுப் போனால் மிச்சம்தான் கிடைக்கும். ஏலத்தில் ஒரு ஆளாக நீங்கள் கேட்க முடியாது. அது கூடை கூடையாகப் போகும். நாலைந்து நண்பர்கள் சேர்ந்து ஒரு கூடையைப் பங்கு போடுவதென்றால் பேசிப் பார்க்கலாம். இல்லையென்றால் ஏலத்தில் எடுத்த அக்காக்கள் பக்கத்திலேயே 'கூறு' கட்டி வைத்து விற்பார்கள். அதில் வாங்குங்கள். வேடிக்கை பார்க்கிறவர்கள் கூடை தூக்கி வருகிறவர் வழியில் நிற்காதீர்கள். முகத்துக்கு நேரே போனை நீட்டுவதற்கு முன்னால், 'அக்கா, ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?' என்று கேட்பது நல்லது. பெரும்பாலும் சிரித்துக்கொண்டே சரி சொல்வார்கள். சொல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

அப்போ, இங்கேயே பச்சையா ஒரு துண்டு..?

வேண்டாம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லணும். ஏனென்றால் 'இப்பத்தான் கடல்லேர்ந்து வந்த மீன், இதைவிட ஃபிரெஷ்ஷா எது?' என்று கத்தியை எடுக்கிற ஆட்கள் உண்டு.

ஜப்பானில் பச்சையாகப் பரிமாறுகிற மீன், புதுசு என்பதற்காக மட்டும் பச்சையாகப் பரிமாறப்படுவதில்லை. நல்ல மீனைப் பிடித்தவுடன் மூளையில் குத்திச் சாகடித்து, ரத்தத்தை வடித்து, ஐஸ் தண்ணீரில் போடுகிறார்கள். 'இகேஜிமே' என்று இதற்குப் பேர். அங்கிருந்து தட்டு வரைக்கும் குளிர் விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்கிறார்கள். கடல் மீன்களின் உடம்பில் 'அனிசாகிஸ்' என்ற நூல் மாதிரி புழுக்கள் இருக்கலாம். அவற்றைக் கொல்ல மைனஸ் 20 டிகிரியில் 7 நாள்கள் உறைய வைக்க வேண்டும் என்பது பச்சை மீனுக்கு அமெரிக்க உணவுத் துறை சொல்லும் கணக்கு. நம் வீட்டு ஃபிரீஸரை நம்பி இதைச் செய்ய முடியாது. எலுமிச்சம்பழச் சாறோ வினிகரோ பிழிந்தால் மீன் வெள்ளையாகி வெந்த மாதிரி தெரியும், புழு சாகாது.

நம் கடற்கரையில் மீன் எப்போதுமே சட்டிக்குப் போகிற மீன். அதற்கேற்றபடிதான் பிடிப்பதும், கொட்டுவதும், ஐஸ் போடுவதும். மணலில் கொட்டிய மீனைப் பச்சையாகச் சாப்பிடுவது வீரம் இல்லை.

சரி, நல்லா வேக வைத்துவிட்டால் எல்லாம் போய்விடுமா? இங்கேதான் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. மத்தி, கானாங்கெளுத்தி, சூரை மாதிரி மீன்களை ஐஸ் இல்லாமல் வெயிலில் விட்டால், சதைக்குள் 'ஹிஸ்டமின்' என்ற பொருள் உருவாகும். ஒரு தடவை உருவாகிவிட்டால் கொதிக்க வைத்தாலும் பொரித்தாலும் போகாது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவக்கும், தலை வலிக்கும், உடம்பு அரிக்கும், வாய் மிளகு கடித்த மாதிரி எரியும். 'எனக்கு மீன் அலர்ஜி' என்று சொல்கிறவர்களில் சிலருக்கு உண்மையில் நடந்தது இதுவாக இருக்கலாம். அப்படி ஆனால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் டாக்டரிடம் போங்கள். மூச்சுத் திணறல் இருந்தால் உடனே. இந்த மூன்று மீனையும் அன்றைக்கு வந்ததாக, ஐஸில் இருந்ததாகப் பார்த்து மட்டும் வாங்குங்கள். விலை மலிவு என்று சாயங்காலம் வெயில் காய்ந்த கூறை அள்ளி வராதீர்கள்.

கண்ணைப் பாரு, செவுளைத் தூக்கு

அம்மாக்கள் சொல்வது அறிவியல்படியும் சரிதான். மீன் கண் தெளிவாக, கொஞ்சம் வெளியே பிதுங்கின மாதிரி இருக்கணும். குழி விழுந்து பால் மாதிரி மங்கியிருந்தால் நகருங்கள். செவுளைத் தூக்கினால் நல்ல சிவப்பு. காப்பித்தூள் நிறத்துக்குப் போயிருந்தால் பழசு. சதையை விரலால் அமுக்கினால் குழி உடனே நிமிரணும். (நகத்தால் குத்தாதீர்கள், அக்கா திட்டுவாங்க. திட்டுறது நியாயம்.) மீன் கடல் வாசம் அடிக்கலாம், அமோனியா நெடி அடிக்கக் கூடாது. இறாலில் தலை கழன்று ஆடக் கூடாது. கணவாயின் தோல் கண்ணாடி மாதிரி பளபளத்துப் புள்ளிகளோடு இருந்தால் புதுசு. சதை இளஞ்சிவப்பாகத் திரும்பிவிட்டால் நாளாகிவிட்டது. நண்டைத் தூக்கிப் பாருங்கள்... அளவுக்கேற்ற கனம் இருக்கணும். பெரிசா இருந்து லேசா இருந்தால், உள்ளே தண்ணீர்தான்.

ஃபார்மலின் பயம்? 2018-ல் கேரளாவில் லாரி லாரியாக ரசாயனம் கலந்த மீன் பிடிபட்டபோது இந்தப் பயம் நமக்கும் வந்தது. 'ஈ மொய்க்கலைன்னா ஃபார்மலின்' என்று வாட்ஸப்பில் வருவதை வைத்து முடிவு செய்ய முடியாது. அதற்கென்று கொச்சியில் இருக்கும் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் சோதனைத் தாளே கண்டுபிடித்தது. நம்மைப் பொறுத்தவரை, படகு இறங்குகிற இடத்திலேயே வாங்குவதுதான் பெரிய பாதுகாப்பு. காலையில் பிடித்துக் காலையில் விற்கிற மீனுக்கு யாரும் செலவு செய்து ரசாயனம் ஊற்றப் போவதில்லை.

வஞ்சிரத்தை விட்டு வெளியே வாங்க

மார்க்கெட்டுக்குப் போகிற இளசுகள் பத்தில் எட்டுப் பேர் கேட்பது, 'அண்ணா, வஞ்சிரம் எவ்ளோ?' விலையைக் கேட்டதும் முகம் வாடிவிடும். ஓட்டல் தவா ஃபிரை, கல்யாணப் பந்தி, ஏற்றுமதி எல்லாம் போட்டி போடுகிற மீன் அது. விலை அப்படித்தான் இருக்கும். வஞ்சிரம் நல்ல மீன்தான், மறுக்கலை. ஆனால், கடலோரம் வரைக்கும் வந்து வஞ்சிரம் மட்டும் வாங்குவது, திருவிழாவுக்குப் போய் அப்பளம் மட்டும் தின்றுவிட்டு வருகிற மாதிரி. அப்படியும் வாங்கித்தான் தீருவேன் என்றால், முழு மீனாக எடை போட்டு உங்கள் கண் முன்னால் துண்டு போடச் சொல்லுங்கள். ஏற்கெனவே வெட்டி வைத்த துண்டுக்குக் கண்ணும் இல்லை, செவுளும் இல்லை. எதை வைத்துச் சோதிப்பீர்கள்?

ஜப்பானியர்கள் 'ஷுன்' என்று ஒரு வார்த்தை வைத்திருக்கிறார்கள். ஒரு மீனோ காயோ அதன் ருசியின் உச்சத்தில் இருக்கும் பருவம். விலையைவிட அதைத்தான் முதலில் பார்க்கிறார்கள். நம் அக்காக்களிடம் 'ஷுன்' என்றால் தெரியாது. 'அக்கா, இன்னைக்கு எது நல்லா வந்திருக்கு? நீங்க உங்க வீட்டுக்கு எதை எடுத்துட்டுப் போவீங்க?' என்று கேளுங்கள். பதில் வஞ்சிரமாக இருக்காது. 

நெத்திலியாக இருக்கலாம். விரல் நீளம்கூட இல்லாத மீன். தலையைக் கிள்ளி, குடலை உருவி, உப்பு, மஞ்சள், மிளகாய்த்தூள் பிசிறி எண்ணெயில் போட்டால் முறுக்கு மாதிரி நொறுங்கும். முள்ளோடு சாப்பிடலாம், கால்சியம் அதில்தான். கிழங்கான் கிடைத்தால் விடாதீர்கள். மெலிசான, நீளமான, அடக்கமான மீன். சதை வெள்ளையாக, மென்மையாக இருக்கும். 'எனக்கு மீன் வாடையே பிடிக்காது' என்கிற நண்பனுக்கு முதலில் இதை வறுத்துக் கொடுத்துப் பாருங்கள்.

மத்தி... ஏழைகளின் மீன் என்று ஒதுக்கினவர்கள் இப்போது ஒமேகா-3 மாத்திரை வாங்கி முழுங்குகிறார்கள். அந்த மாத்திரைக்குள் இருக்கிற சமாசாரம் மத்தியில் தாராளம். குழம்பு வைத்து மறுநாள் காலை பழைய சோற்றுக்கு ஊற்றிக்கொண்டால், அதற்கு முன் எந்தக் கைசென்டொன் கிண்ணமும் நிற்காது. இது என் தனிப்பட்ட கருத்து. சண்டைக்கு வருகிறவர்கள் சாப்பிட்டுவிட்டு வாங்க.

குழம்புக்கு இன்னொன்று, சங்கரா. சிவப்பாக, கண்ணுக்கே லட்சணமாக இருக்கும். குழம்பில் உடையாமல் நிற்கும், ருசியைப் புளியோடு பகிர்ந்துகொள்ளும். பாறை மீனில் நடுத்தர அளவு எடுத்துக் கீறிவிட்டு முழுசாக வறுக்கலாம். ஜப்பானில் தினப்படி சாப்பிடுகிற 'அஜி' இந்தப் பாறைக் குடும்பத்து மீன்தான்.

சூரையைப் பற்றிக் கட்டாயம் சொல்லணும். 2019 ஜனவரி 5-ம் தேதி டொயோசு புத்தாண்டு ஏலத்தில் 278 கிலோ எடையுள்ள ஒரே ஒரு நீலத்துடுப்பு சூரை 33.36 கோடி யென்னுக்குப் போனது. வாங்கியவர் சுஷி ஓட்டல்கள் நடத்தும் கியோஷி கிமுரா. அதே வம்சத்துச் சின்னச் சொந்தக்காரர்கள் நம் மார்க்கெட்டில் கூறில் கிடக்கிறார்கள், திரும்பிப் பார்க்க ஆள் இல்லை. சதை கருஞ்சிவப்பாக, கறி மாதிரி இருப்பதுதான் காரணம். அந்தக் கருத்த பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை மஞ்சள், உப்பு போட்டு வேக வைத்து உதிர்த்து, சின்ன வெங்காயம், மிளகு, கறிவேப்பிலையோடு புட்டு மாதிரி கிளறிப் பாருங்கள். சப்பாத்திக்கு உள்ளே வைத்துச் சுருட்டினால் ஹாஸ்டல் பசங்களுக்கு ரெண்டு வேளை ஓடும். மேலே சொன்ன ஹிஸ்டமின் எச்சரிக்கை மட்டும் மறந்துவிடக் கூடாது.

புட்டு என்றதும் சுறா ஞாபகம் வரும். குழந்தை பெற்ற அம்மாக்களுக்குப் பால் சுறா புட்டு கொடுப்பது நம் பக்கத்தில் வழக்கம். சுறா, திருக்கை இரண்டின் உடம்பிலும் இயற்கையாகவே யூரியா உண்டு. நேரமானால் அது அமோனியாவாக மாறிக் குப்பென்று நெடி அடிக்கும். நெடி இல்லாததாக, சின்னதாகப் பார்த்து வாங்குங்கள். பெரிய சுறா, பெரிய சூரை, மயில் மீன் போன்ற பெரிய வேட்டை மீன்களில் பாதரசம் சேர்ந்திருக்கும் என்பதால் கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அவற்றைக் குறைத்துக்கொள்வது நல்லது. இந்த விஷயத்திலும் ஜெயிப்பது நெத்திலியும் மத்தியும்தான்.

கோடையில் போனால் கோலா மீன் இருக்கிறதா என்று கேளுங்கள். தண்ணீருக்கு மேலே இறக்கை விரித்துப் பறக்குமே, அதே மீன். சுஷி மேல் ஆரஞ்சு நிறத்தில் மினுமினுக்கும் குட்டி முட்டைகளைப் பார்த்திருப்பீர்கள், 'டொபிகோ'. அது கோலா மீன் இனத்தின் சினைதான். அங்கே சினைக்கு மவுசு, இங்கே மீனுக்குக் குழம்பு.

நண்டு வாங்கும்போது ஒரு வேண்டுகோள். ஓட்டுக்குள்ளே மஞ்சளாக இருக்கிற சினை வேறு. வயிற்று மடலுக்கு வெளியே கொத்துக் கொத்தாக முட்டை தொங்குகிற நண்டு வேறு. இரண்டாவது, குஞ்சு பொரிக்கிற நிலையில் இருக்கும் தாய் நண்டு. அதைத் தவிர்த்துவிடுங்கள். ஆண் நண்டில் சதை அதிகம், ரசத்துக்கும் மிளகு வறுவலுக்கும் அதுவே போதும்.

இறால் கேட்டால் 'கடல் இறாலா, வளர்ப்பு இறாலா?' என்று திருப்பிக் கேளுங்கள். சந்தையில் நிறையக் கிடைப்பது வனாமி என்கிற பண்ணை ரகம். தப்பில்லை. கடல் விலை கொடுத்துப் பண்ணை இறால் வாங்குவதுதான் தப்பு. கணவாய்க்கு ஒரே விதி: ரெண்டு மூணு நிமிஷம் சூட்டில் புரட்டி எடுங்கள், அல்லது அரை மணி நேரத்துக்கு மேல் குழம்பில் விடுங்கள். நடுவில் நிறுத்தினால் செருப்பு ரப்பர்.

யார் ஆய்ஞ்சு தர்றது, யார் வறுத்துத் தர்றது?

மீன் வாங்கின இடத்துக்குப் பக்கத்திலேயே அரிவாள்மனை போட்டு உட்கார்ந்திருக்கும் அக்காக்கள் கூலிக்கு மீன் ஆய்ஞ்சு கொடுப்பார்கள். என்ன செய்யப் போகிறீர்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். குழம்புக்குத் துண்டு வேறு, வறுவலுக்குத் துண்டு வேறு, முழுசாகக் கீறுவது வேறு. தலையை வேண்டாம் என்று விட்டுவிட்டு வராதீர்கள். குழம்பின் ருசியே தலையில்தான் இருக்கிறது. அப்பா சண்டை போட்டு எடுத்துக்கொள்வது சும்மா இல்லை.

'உங்க இஷ்டக் கிண்ணம்' அனுபவம் அங்கேயே வேண்டுமென்றால், துறைமுகத்தைச் சுற்றியிருக்கும் மெஸ், வறுவல் கடைகளில் 'நாங்க மீன் வாங்கிட்டு வந்தா பொரிச்சுத் தருவீங்களா?' என்று கேட்டுப் பாருங்கள். ஒப்புக்கொண்டால் கூலியை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். உங்கள் மீனை உங்கள் கண் முன்னால் போடச் சொல்லுங்கள். எண்ணெய் டீ டிகாஷன் நிறத்தில் இருந்தால் அடுத்த கடை. இன்னொன்று, மசாலாவைக் குறைக்கச் சொல்லுங்கள். உப்பு, மஞ்சள், கொஞ்சம் மிளகாய்த்தூள், எலுமிச்சை... புது மீனுக்கு இது தாராளம். ஏற்கெனவே ரத்தச் சிவப்பாக மசாலா அப்பி அடுக்கி வைத்திருக்கும் மீன், எந்த நாளில் பிடித்தது என்பது அந்த மசாலாவுக்கு மட்டுமே தெரிந்த ரகசியம்.

வரும் வழியில் கருவாடு

கருவாட்டைப் பார்த்து முகம் சுளிக்கிறவர்கள், ராமன் கடையில் அந்தச் சூப்பை 'உமாமி' என்று உறிஞ்சுவதைப் பார்க்கும்போது எனக்குச் சிரிப்பு வரும். ஜப்பான் சூப்புகளுக்கு அடிப்படை 'டாஷி' என்கிற சாறு. அதைக் கடற்பாசி, காய்ந்த நெத்திலி, மத்தி வகைகள், 'கட்சுவோபுஷி' இவற்றிலிருந்துதான் எடுக்கிறார்கள். கட்சுவோபுஷி என்பது சூரையை வேக வைத்து, புகை போட்டு, கட்டை மாதிரி காய வைத்தது. இலங்கையிலும் தென் தமிழகத்திலும் சம்பலுக்கு இடிக்கிற மாசிக் கருவாடும் கிட்டத்தட்ட இதே செய்முறைதான். சூப்பில் மிதந்தால் உமாமி, அம்மிக்கு வந்தால் நாத்தமா?

மரக்காணத்து உப்பளங்களைத் தாண்டித்தான் நீங்கள் திண்டிவனம் திரும்பப் போகிறீர்கள். உப்பும் மீனும் வெயிலும் ஒரே இடத்தில் கிடைக்கிற கரையில் கருவாடு இல்லாமல் எப்படி? நெத்திலிக் கருவாடும் வாளைக் கருவாடும் ஆரம்பிக்க ஏற்றவை. நன்றாகக் காய்ந்து, பிசுபிசுப்பு இல்லாமல், பூஞ்சை படியாமல் இருக்கிறதா என்று பாருங்கள். வெந்நீரில் ஊற வைத்து அலசினால் மணலும் அதிக உப்பும் போகும். ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் இதில் கை வைக்காமல் இருப்பது உத்தமம். மற்றவர்களுக்கு, கத்தரிக்காய் போட்ட கருவாட்டுக் குழம்பும் கேழ்வரகுக் களியும் நம் மாவட்டத்தின் சொந்தக் கிண்ணம். கூழுக்குச் சுட்ட கருவாடு கடித்துக்கொள்வதும் அதே வரிசைதான்.

வீடு வரைக்கும் ஐஸ்

பைக்கில் பிளாஸ்டிக் பையைத் தொங்கவிட்டு 60 கிலோமீட்டர் வெயிலில் வருவதென்றால், மார்க்கெட்டில் கண்ணையும் செவுளையும் பார்த்தது வீண். சின்ன தெர்மாகோல் பெட்டி எடுத்துப் போங்கள். துறைமுகத்திலேயே ஐஸ் கிடைக்கும். கீழே ஐஸ், நடுவில் மீன், மேலே ஐஸ். குளிர் இல்லாமல் 2 மணி நேரம், நம்ம ஊர் கத்திரி வெயிலில் 1 மணி நேரம், அதற்கு மேல் மீனை வெளியே வைக்கக் கூடாது. மண்டகப்பட்டு குகையைப் பார்ப்பதும் இந்த டிரிப்பில் உண்டு என்றால், முந்தின நாள் சாயங்காலமே பார்த்துவிடுங்கள். மீனை வண்டியில் வைத்துவிட்டுத் தூண்களுக்கு முன்னால் செல்ஃபி எடுக்க நிற்காதீர்கள்.

பஸ்ஸில் வருகிறவர்கள் பெட்டியை நன்றாக மூடி எடுத்து வரலாம். மீன் வாடைக்குப் பக்கத்து சீட்டில் யாராவது முகம் சுளிக்கலாம். நமக்கு அது ஒரு நாள் சங்கடம். 2021 டிசம்பரில் குளச்சலில், மீன் விற்றுவிட்டு வீடு திரும்ப ஏறிய வயதான அம்மாவை நாற்றம் என்று சொல்லிப் பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்ட வீடியோ பரவியதும், முதலமைச்சர் வரைக்கும் கண்டித்ததும் ஞாபகம் இருக்கும். விழுப்புரத்துத் தெருக்களுக்கு மீன் வருவதே அந்த மாதிரி அம்மாக்கள் விடியற்காலையில் கூடையோடு பஸ் ஏறுவதால்தான். கடலோரம் போக முடியாத வாரங்களில் அவர்களிடம் வாங்குங்கள். கூடையிலேயே ஐஸ் இருக்கிறதா, மீனின் கண் தெளிவாக இருக்கிறதா என்ற அதே சோதனைதான். பத்து ரூபாய்க்கு நீட்டி முழக்கிப் பேரம் பேச வேண்டாம். அதில் பஸ்ஸில் போட்ட லக்கேஜ் காசும் இருக்கும்.

கிளம்புவதற்கு முன் காலண்டரையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் நம் கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். மீன்கள் இனப்பெருக்கம் செய்யட்டும் என்று விசைப்படகுகளைக் கட்டிப்போடுகிற காலம். அப்போது துறைமுகம் காலியாக இருக்கும், ஃபைபர் படகுகள் கொண்டுவரும் கொஞ்சம் மீனுக்கு விலை எகிறும். அந்த நேரத்தில் 'கடல் வஞ்சிரம், ஸ்பெஷல் ரேட்' என்று யாராவது குறைத்துக் கொடுத்தால், அது வேறு மாநிலத்திலிருந்தோ குளிர்பதனக் கிடங்கிலிருந்தோ வந்திருக்க வாய்ப்பு அதிகம். ஐப்பசி, கார்த்திகை மழையில் கடல் கொந்தளித்தாலும் படகு போகாது. ஞாயிற்றுக்கிழமை எப்போதுமே விலை அதிகம். புதன், வியாழன் நல்லது. எல்லாரும் அசைவத்தை நிறுத்துகிற புரட்டாசியில், உங்கள் வீட்டில் தடை இல்லையென்றால், அக்காவே கூப்பிட்டுக் கூறில் ரெண்டு மீனைச் சேர்த்துப் போடுவார்.